டிரையல் மாமுவின் நிச்சய மோதிரம்

ராயபுரத்தில் கடலைக்கூட ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு நம்பிய ஒரே ஆள் எங்கள் டிரையல் மாமுதான். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் என்னோடு ஃபிட்டராக இருந்தார். நாற்காலியை நாலு ஆட்டு ஆட்டாமல் உட்கார மாட்டார். புதுச் செருப்பு வாங்கினால் முதலில் என் காலில் மாட்டி ஒரு வாரம் நடக்கவிடுவார். எனக்குக் கொப்புளம், அவருக்கு நிம்மதி.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கல்மண்டபத்து ரோஸி மேல் உயிர். ரோஸியின் அப்பாவோ கறார் பேர்வழி. "ஞாயித்துக்கெழம நாலு பேர் முன்னால என் பொண்ணு கையில மோதிரம் போடணும். இல்லாங்காட்டி எண்ணூர்ப் பையனுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

பத்தர் கடைக்குப் போனோம். பத்தர் இரண்டு வழி சொன்னார். தயாராக இருக்கிற வளையத்தில் பிடித்த கல்லைப் பதித்துப் பேர் வெட்டித் தரலாம். இல்லையென்றால் தங்கத்தை உருக்குவதிலிருந்து எல்லாமே புதிதாகச் செய்யலாம். மாமு தயார் வளையத்தை வாங்கி முகர்ந்தார், கடித்தார். பிறகு பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஒரே போடு! வளையம் அப்பளமாகிவிட்டது.

"அடப்பாவி! பொண்ணு வெரல்ல சுத்தியாலயா அடிக்கப் போறே?" என்று அலறினார் பத்தர்.

"நாளிக்கு அம்மி வுழுந்தா இன்னா பண்றது பத்தரே? இது தாங்காது. முழுசா புச்சா செய்யி."

முழுசாகச் செய்த மோதிரம் சனிக்கிழமை கைக்கு வந்தது. ரோஸி வீட்டிலிருந்து வந்த அளவு நூல் மாமுவின் சுண்டு விரலுக்குக் கச்சிதமாக இருந்தது. விடுவாரா? மோதிரத்தை அந்த விரலில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சம்மட்டி அடித்தார். மோதிரத்தில் ஒரு கீறல் இல்லை. விரல்தான் வீங்கிக் கத்தரிக்காய் ஆகிவிட்டது. சோப்பு போட்டோம், விளக்கெண்ணெய் போட்டோம். மோதிரம் அசையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே போய் நின்றோம். "மோதிரம் எங்கய்யா?" என்றார் ரோஸியின் அப்பா. மாமு சுண்டு விரலை நீட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இன்னா நக்கலா? உனக்கு நீயே நிச்சயம் பண்ணிக்கினியா? கெளம்புய்யா!"

மாமுவின் முகம் செத்துவிட்டது. "அருவாமனையக் குடுங்க. வெரல வெட்டியே தந்துடறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது.

ரோஸி எழுந்து வந்து அவர் விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மோதிரம் வரவில்லை. அவள் விரலை விடவும் இல்லை.

"மோதிரம் வராட்டி இன்னா நைனா? எனக்கோசரம் வெரலயே வெட்டிக்கிறேன்றாரு. எண்ணூரான் நகமாச்சும் வெட்டுவானா?"

அவள் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமு மட்டும் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். நானும்தான் அழுதேன். அந்தக் கிறுக்கு மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.