கொச்சியில் இறங்க ஒரு வழி

யேசுரத்தினம் மூன்றாவது முறையாகத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். மூன்றாவது முறையும் அங்கே சுவர்தான் இருந்தது.

“ஏட்டி, ஜன்னலே இல்லாத சுவருக்கு என்னத்துக்குச் சீலை?”

“ஒரு அழகுக்குத்தான்,” என்றாள் சத்தியபாய். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புது ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு வயசில் அவள் காலில் ஷூ ஏறுவது இதுதான் முதல் தடவை. “எவ்வளவு நல்லா இருக்கு பாத்தியளா! ஏசி, டிவி, பஞ்சு மெத்தை…”

“பின்னே! சொர்க்கம்லா!” என்றார் யேசுரத்தினம்.

காலையில் மும்பையில் தின்ற இட்லி அவர் வயிற்றுக்குள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெதுவாக உருண்டு போய்த் திரும்பி வந்தது. கப்பல் கிளம்பி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூர் போய்ச் சேர இன்னும் பதினெட்டு நாள் கிடந்தது.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் கொடுத்த பரிசு இது. நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கும் பெமிலா போனில் விஷயத்தைச் சொன்னபோதே, வேண்டாம் மக்கா என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் சத்தியபாய் “கப்பலா!” என்று கூவிக் கையைத் தட்டிவிட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் மேற்பார்வை வேலை பார்த்த மனுஷன். நாலரை மணிக்கு எழுந்து மரத்துக்கு மரம் நடந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். தண்ணீர் என்பது குளிக்கவும் குடிக்கவும்தான் என்பது அவருடைய கொள்கை. ஆனால் நாற்பது வருஷத்தில் அவர் சத்தியபாயைக் கூட்டிக்கொண்டு போன அதிகபட்சத் தூரம் மதுரை. அதுவும் அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்ய.

ஆகவே மூன்று மாதமாக அவர் கப்பலைப் பற்றி உற்சாகமாகப் பேசினார். “கடலுண்ணா எனக்கு உயிருலா!” என்று குலசேகரம் சாயாக்கடையில் வைத்துக்கூடச் சொன்னார். எதுவும் அவள் ஆசைக்குக் குறுக்கே வந்துவிடக் கூடாது.

“நான் கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு வாறேன்,” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு சத்தியபாய் வேகவேகமாகக் கிளம்பிப் போனாள். அவரைக் கூப்பிடக்கூட இல்லை.

“பாவம், எவ்வளவு ஆசையை அடக்கி வச்சிருந்திருக்கா,” என்று நினைத்துக்கொண்டு அவர் கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அறையைப் பார்த்துக்கொள்கிறவர் கதவைத் தட்டினார். ஐம்பது வயசிருக்கும். சட்டையில் சலாஹுதீன் என்று பெயர் குத்தியிருந்தது.

“சத்தியபாய்ண்ணு பேரு கண்டதுமே நம்ம ஊராளுண்ணு பிடிகிட்டிச்சு. நான் தேங்காப்பட்டணம், அண்ணாச்சி. கப்பல்ல இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

அந்தத் தமிழைக் கேட்டதும் யேசுரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “தம்பி, இங்க கஞ்சியும் பயறும் கிட்டுமா?”

“பதினொண்ணாம் மாடியில சாப்பாடு. எல்லாம் உண்டு, அண்ணாச்சி. கஞ்சி மட்டும் இல்ல.”

பதினொன்றாம் மாடியில் அவர் அரைமணி நேரம் சோறு தேடினார். கடைசியில் கிடைத்தது. ஒரு பிடிச் சோறு, எலுமிச்சங்காய் அளவில் உருட்டி, அதன்மேல் ஒரு மீன் துண்டைப் படுக்க வைத்திருந்தார்கள். கடித்த பிறகுதான் தெரிந்தது, அந்த மீன் அடுப்பையே பார்த்ததில்லை என்று. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கையில், தூரத்தில் சத்தியபாய் தென்பட்டாள். யாரோ ஒரு வெள்ளைக்காரியிடம் போனைக் கொடுத்து, சிரித்த முகமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் இன்னும் பெரிதாகச் சிரித்துக் கையை ஆட்டினாள்.

அவரும் மீனை விழுங்கிவிட்டுக் கையை ஆட்டினார்.

அந்த மீன் உள்ளே இறங்கிய கணத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நாளைச் சாயங்காலம் கப்பல் கொச்சியில் நிற்கும். அங்கிருந்து குலசேகரம் ஒரு ராத்திரிப் பயணம். இறங்கிவிட வேண்டும். ஆனால் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லி இறங்கினால் அவள் மனம் வெந்துவிடும். கடவுள் சித்தம்போல், அவர் கையில் இல்லாத காரணத்தால் இறங்க வேண்டும். அதற்கு ஒரே வழி நோய்.

கப்பலின் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் இருந்தது. டாக்டர் ஒரு கோவாக்காரி, நல்ல உயரம்.

“நெஞ்சு வலிக்குது டாக்டரே. என்னைக் கொச்சியில இறக்கி விட்டாக்கூட எனக்குச் சம்மதந்தான்.”

டாக்டர் படுக்க வைத்து ஒயர்களை ஒட்டினாள். காகிதம் நீளமாக வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது.

“அற்புதம்! உங்களுக்கு இருபத்தைந்து வயசுக்காரனின் இதயம். என்ன செய்தீர்கள்?”

“மலை ஏறினேன்,” என்றார் யேசுரத்தினம் துக்கத்தோடு.

“இருந்தாலும் வலி என்கிறீர்கள். பாதுகாப்புக்கு உப்பு, எண்ணெய், காரம், டீ எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன்.”

அவள் சொல்லோடு நிறுத்தவில்லை, கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டாள். நாலு மணிக்கு அவர் ஒரு சாயாவுக்காக வரிசையில் நின்று கப்பலில் கொடுத்த அட்டையைக் காட்டியபோது, இயந்திரம் சிவப்பாக எரிந்தது. கொடுத்தது ஒரு கப் வெந்நீர்.

சாயா இல்லாத பதினெட்டு நாள்! அறைக்கு வந்து வெந்நீரைக் குடித்துக்கொண்டே, மேசைமேல் கிடந்த கப்பல் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் உடனே தெரிவிக்கவும். அப்படிப்பட்ட பயணிகள் அருகிலுள்ள துறைமுகத்தில் இறக்கப்படலாம்.

மேற்கொண்டு படிக்க அவருக்குப் பொறுமையில்லை. போனை எடுத்தார்.

“வாந்தி. வயித்தாலயும் போவுது. மத்தியானத்திலேருந்து பத்து தடவை,” என்றார். பத்து போதுமா என்று சந்தேகம் வர, “பதினொண்ணு” என்று திருத்தினார்.

ஐந்து நிமிஷத்தில் முகமூடியும் கையுறையும் போட்ட நாலு பேர் வந்தார்கள். ஒருவன் கதவுப்பிடிக்கு மருந்து அடித்தான். இன்னொருவன் கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டினான். அரைமணி கழித்து டாக்டர் வந்து வாசலுக்கு வெளியே ஆறடி தள்ளி நின்றாள்.

“எழுபத்திரண்டு மணி நேரம் இந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. உங்கள் மனைவியைச் சோதித்துவிட்டோம், அவருக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாம் மாடியில் பால்கனி உள்ள அறைக்கு அவரை மாற்றுகிறோம்.”

“அப்போ கொச்சி? துறைமுகத்துல இறக்கப்படலாம்ணு போட்டிருக்கே!”

“அது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். உங்களுக்குத்தான் இருபத்தைந்து வயசு இதயமாயிற்றே! தொற்று உள்ள ஆளை இறக்கத் துறைமுகத்தில் விடமாட்டார்கள். கவலை வேண்டாம், மூன்று நாள் போனாலும் இன்னும் பதினைந்து நாள் ஆனந்தமாக இருக்கலாம்.”

கதவு மூடியது. யேசுரத்தினம் நாலு சுவரையும் பார்த்தார். அதில் ஒன்றுக்குச் சீலை இருந்தது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு மறுபடியும் போனை எடுத்தார்.

“டாக்டரே, கர்த்தர் மேல ஆணை. எனக்கு ஒரு கேடும் இல்ல. நான் சொன்னது அத்தனையும் பொய்.”

“அடைத்து வைத்த பிறகு எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்,” என்றாள் டாக்டர் அன்பாக.

அவர் கட்டிலில் குப்புற விழுந்தார். கீழே ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஊரில் இந்நேரம் மழை பெய்திருக்கும். எதிர்வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்திருப்பார்கள். பெற்ற மகளே காசு கட்டித் தன்னை ஜெயிலில் போட்டுவிட்டாள் என்று நினைத்தபோது நிஜமாகவே நெஞ்சு வலித்தது. ஆனால் அதை இனி யார் நம்பப்போகிறார்கள்?

போன் மணி அடித்தது. சத்தியபாய்.

“பதினொரு தடவை போனதாமே! என்னட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”

“ஒண்ணுமில்ல பிள்ளே. நீ அங்கிண எப்பிடி இருக்க?”

“இங்க பால்கனி இருக்கு. எங்க பாத்தாலும் கடல்வெள்ளந்தான்…” அவள் குரல் உடைந்தது.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. தன் கஷ்டம் அவளுக்குத் தெரியக்கூடாது. தொண்டையைச் செருமி, குரலில் தெம்பை வரவழைத்துக்கொண்டார்.

“கண்ணு நிறையப் பாத்துக்கோ. இந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

“ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டா? நிங்க ஏசப்பிடாது. நாளைக்குக் கொச்சியில நான் மட்டும் இறங்கட்டுமா?”

கொச்சியில் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவார்கள் என்று அந்தப் புத்தகத்தில் அவர் பார்த்திருந்தார். பாவம், இதற்குக்கூட அனுமதி கேட்கிறாள்.

“தாராளமா இறங்கு! எனக்கு வேண்டி நீ உனக்க ஆசையை விடாத.”

“நிஜமாட்டா? நிங்க தனியா இருந்துக்கிடுவியளா?”

“எனக்கு என்ன குறை? நான் ராஜாவாட்டு இருக்கேன்.”

“நிங்க நல்லா இருப்பிய,” என்று சொல்லி அவள் போனை வைத்தாள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவில் அவருக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது. தான் அடைபட்டுக் கிடந்தாலும் அவளாவது அனுபவிக்கட்டும்.

ஏழு மணிக்குக் கதவு அரையடி திறந்தது. கையுறை போட்ட ஒரு கை சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளியது. உப்பில்லாமல் அவித்த காரட். பின்னால் முகமூடிக்குள் சலாஹுதீன்.

“தம்பி, எனக்க வீட்டுக்காரியைப் பாத்தியா? சந்தோஷமாட்டு இருக்காளா?”

“பெரிய சந்தோஷம் அண்ணாச்சி. பெட்டி கெட்டுதாவ. நானும் ஒரு கை பிடிச்சுக் கொடுத்துட்டுத்தான் வாறேன்.”

“பெட்டியா? கொச்சியைச் சுத்திப் பாக்க என்னத்துக்குப் பெட்டி?”

சலாஹுதீன் முகமூடியைச் சற்று இறக்கினார்.

“சுத்திப் பாக்க இல்ல அண்ணாச்சி, ஊருக்கு. கப்பல் கெளம்புன அரை மணிக்கூருலயே, தல சுத்துது, ஒரு நிமிஷம் இங்க இருக்க வய்யாண்ணு, கொச்சியில இறங்குயதுக்கு உங்க ரெண்டு பேரு பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திட்டாவளாம். உங்களுக்குக் கடலுண்ணா உயிராச்சே, கேட்டா மனசு ஒடஞ்சு போவியேண்ணு பயந்துதான் சொல்லாம சிரிச்சிக்கிட்டு நடந்தாவளாம்.”