முனைவர் ஜெகதீசன் நீராடு படலம்

கொரட்டூர் ஏரிக்கரை ஈன்ற கோளரியே, கதிரவனைக் கண்ணாடித் தகட்டில் சிறைப்பிடித்து மின்சாரம் கறக்கப் புறப்பட்ட இயற்பியல் ஏந்தலே, முனைவர் ஜெகதீசனே, நின் புகழ் பாட எத்தெய்வத்தை வேண்டுவோம்? மின்வாரியத்துக்கென ஒரு தெய்வம் இருந்தால் அதையே வேண்டித் தொடங்குகிறோம்.

பட்டம் பெற்ற நாள்முதல் இவ்வீரன் எய்த விண்ணப்பக் கணைகள் எண்ணில் அடங்கா. "தங்கள் ஆய்வு என் நெஞ்சைக் கொள்ளைகொண்டது" என்று ஒரே மடலைப் பெயர் மட்டும் மாற்றி உலகத்துப் பேராசிரியர் அனைவருக்கும் அனுப்பிய கற்புக்கரசன் அவன். இரண்டாண்டு ஆய்வுப்பணி ஒப்பந்தத்துக்கு ஆள் பிடிக்கும் அம்மன்னர்களோ மறுமொழி சொல்லவும் மனம் வைக்கவில்லை. ஈற்றில் வடகடல் நாட்டுப் பேராசிரியை ஒருத்தி மட்டும், புதன் பிற்பகல் காணொலியில் வா, பார்க்கலாம் என்றாள். இதுவும் போனால் அம்பத்தூரில் மாமன் கஜபதியின் இன்வெர்ட்டர் கடைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

போர்நாள் புலர்ந்தது. அவ்வீட்டில் பெரிய கருவி எது ஓடினாலும் மின்னழுத்தம் சரிந்து வைஃபை மூர்ச்சையாகும் என்பதால் வீரன் முழங்கினான்: "இன்று மிக்சி வாய் திறவாதிருக்கட்டும்! கிரைண்டர் சுழலாதிருக்கட்டும்! சீரியல் மாமியார்கள் தம் சதியை நாளைக்கு ஒத்திவைக்கட்டும்!"

அன்னை ராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "டேங்க்குல தண்ணி கம்மியா கீதுடா, பாத்து ஊத்திக்கோ."

புதனாயிற்றே, ஆண்மகன் எண்ணெய் தேய்க்கும் நாளாயிற்றே, அதிலும் வெற்றித் திருமகளை மணக்கப்போகும் நாளாயிற்றே! சீயக்காய் நுரை ஆறாய்ப் பெருக, மாடித் தொட்டியின் கடைசிச் சொட்டுவரை தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் அவ்வேந்தல் வெளியே வந்தான்.

பேராசிரியை திரையில் தோன்றினாள். சாதாரண வீட்டுக்கு உங்கள் ஆய்வால் என்ன பயன் என்று வினவினாள். மடை திறந்தது: "அம்மையீர்! என் தகடு ஏறிய கூரையின்கீழ் எத்துணைப் பெருஞ்சுமை வந்து தாக்கினும் மின்சாரம் இமைப்பொழுதும்..."

அவ்வேளை பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்து, நிலத்தடித் தொட்டியாம் சம்ப்பில் ஏறியது. மாடித் தொட்டி வற்றியிருக்கச் சம்ப்பில் தண்ணீர் வந்தால் மோட்டார் தானே ஓடும்படி ஒரு கருவியைப் போன பொங்கலுக்கு மாட்டி, உறவெல்லாம் வியக்க நின்றவன் வேறு யாருமல்ல, நம் ஏந்தலே. மோட்டார் மதயானையெனப் பிளிறியது. விளக்கு மங்கியது, வைஃபை மாண்டது. திறந்த வாயோடு அவன் திருவுருவம் வடகடல் நாட்டுத் திரையில் உறைந்து நின்றது.

ஓடினான். நிறுத்த சுவிட்ச் எங்கே? இனி மனிதக் கை எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்தவனும் அவனே. மெயினை அணைத்தால் வைஃபையும் அணையும். கைப்பேசி சிக்னலோ அவ்வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை.

தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றது. அவன் கண்டுபிடிப்புகளில் பிசகின்றி வேலை செய்தது அது ஒன்றே. உயிர்த்தெழுந்த திரையில், அடுத்தவரை அழைத்துவிட்டேன், வாழ்த்துகள் என்று பேராசிரியையின் ஒற்றை வரி காத்திருந்தது.

மறுநாள் காலை ஜெகதீசன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாமா கடைக்குப் போனான்.