என் சாப்பாட்டு மேஜையில் ஒரு பள்ளிக்கூடம்

கொழிஞ்சாம்பாறை,
12 மே 1957

அன்புள்ள தம்பி சின்னமுத்துவுக்கு, அக்கா கத்தரீனாள் எழுதுவது. மாதா கிருபையில் நான் சுகம். உன் மகள் ரோசி தேவைக்கு மேலேயே சுகம். திருச்சூரில் நீயும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறேன். வருகிற சனிக்கிழமை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ.

காரணம் கேள். கல்லூரி விடுமுறையில் சமூக சேவை என்று அகளி மலைப் பக்கம் போனவள், மருதி என்ற இருளப் பெண்ணைக் கையோடு கூட்டி வந்தாள். "இவங்க நிலத்துக்கு ஏதோ காகிதம் வருதுங்க அத்தை, பண்ணையாரோட காரியஸ்தன் கைநாட்டு வெக்கச் சொல்றானாம். படிக்கத் தெரிஞ்சா ஏமாத்த முடியாதில்லீங்க?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்த மருதி நேராக வந்து, உன் மச்சான் காலமானதிலிருந்து யாருமே உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று வாயெடுப்பதற்குள், "இது யாரு உக்கார்ற எடம், இத்தனை தூசி?" என்று கேட்டுவிட்டாள். என் வீட்டில் தூசி! நான் துடைத்து முடிப்பதற்குள் பாடம் தொடங்கிவிட்டது. ரோசி ஓர் எழுத்து சொன்னால் மருதி தன் பாஷையில் ஒரு சொல் தர வேண்டுமாம், அது கலாசாரப் பரிமாற்றமாம். நான் கதவருகில் சும்மா நின்றேன், வேவு பார்க்கவில்லை. காட்டுக் கிழங்கின் கசப்பு எப்படிப் போகும், எந்தத் தேனீ கொட்டும் என்று இருபது கேள்விதான் கேட்டிருப்பேன், "அம்மா, என்னைப் படிக்க விடமாட்டீங்களா?" என்று என்னையே அதட்டினாள். உன் மகள் எழுதும் 'ஞ' நொண்டுகிறது, எங்கள் மடத்துச் சிஸ்டர் பார்த்திருந்தால் அவள் கை வீங்கியிருக்கும், அதனால் பலப்பத்தை நானே வாங்கிக்கொண்டேன். பேர் எழுத வந்தால் போதும் என்றாள் ரோசி. எனக்கு வந்ததே கோபம். பேர் மட்டும் எழுதத் தெரிஞ்சவ எதுல வேணா எழுதிக் குடுத்துருவாளேடி, வாசிக்கவும் சொல்லிக் குடு என்றேன். "அத்தையும் புரட்சிக்காரி ஆயிட்டாங்க" என்று சிரிக்கிறாள். மூன்று வாரத்தில் மருதி ஜெபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், அது வேறு விஷயம். எனக்கு இந்த வயதில் இந்தச் சத்தம் ஆகாது.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன்.

உன் அக்கா,
கத்தரீனாள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் காரியஸ்தன் மருதியைத் தேடிக்கொண்டு காகிதத்தோடு வந்துவிட்டான். அவள் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, நீங்க சொல்லிக் குடுத்த எழுத்து இதுல ஒண்ணுகூட இல்லையே?" என்றாள். நான் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். முழுக்க மலையாளம். பாலக்காட்டுச் சீமையில் அறுபத்தாறு வருஷம் இருந்தும் எனக்கு அதில் ஓர் எழுத்து தெரியாது. தமிழ்ப் பள்ளியிலேயே படித்த ரோசிக்கும் பேச மட்டும்தான் வரும். "நானே வாசிச்சுக் காட்டறனுங்க" என்று காரியஸ்தன் குழைந்தான். மருதி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் வாசிச்ச பொறவு வா" என்று அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை நீ வர வேண்டாம். மலையாள முதல் பாடப் புத்தகம் தபாலில் அனுப்பு. மூன்று பிரதி.