எர்ணாவூர்ல நான் மணியடிச்ச லட்சணம்

ஒரு மணி வாங்கணும். அன்னிக்கு வேலை அவ்ளோதான்.

எர்ணாவூர்ல ஓலைக் கொட்டகை போட்டு, அதுக்குக் கோயில்னு பேரும் வச்சு உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை பிஷப் ஆண்டவர் வர்றார். கூட்டம் இருந்தா இதைத் தனிப் பங்கா, அதாவது தனிச் சாமியார் உள்ள சர்ச் வட்டாரமா, அறிவிப்பார். இல்லேன்னா நான் மூட்டை கட்டிக்கிட்டு ராயபுரத்துக்கே திரும்பணும். அங்க பெரிய சாமியாரோட குறட்டை எனக்காகக் காத்துக்கிட்டிருந்துச்சு.

கூட்டமா? என் பூசைக்கு வர்ற மனுஷங்களைவிட ஆடுங்க ஜாஸ்தி!

"மணி இல்லாத கோயிலுக்கு எவன் வருவான் சாமி?"னு கேட்டார், கோயில் வேலைக்குக் கூடமாட இருந்த உபதேசியார் சூசை.

ராயபுரத்துல பழைய இரும்புக் கடை வச்சிருந்த திருநெல்வேலி அண்ணாச்சிகிட்ட போனேன். "கப்பல் மணி சாமி! அடிச்சியன்னா ஊரே வந்து நிக்கும்லா!"ன்னார். நம்பி, சைக்கிள் கேரியர்ல கட்டினேன்.

திருவொற்றியூர் ரோட்டுல பள்ளத்துக்குப் பள்ளம் டங்கு டங்குன்னு சத்தம். டீக்கடையிலேர்ந்து ஒருத்தன், "இன்னா சாமி, ஐஸ் விக்கிறியா?"ன்னான். அங்கியைத் தூக்கிக்கிட்டு வேகமா மிதிச்சேன்.

சனிக்கிழமை மணியைப் பூவரச மரத்துல கட்டி, சூசை நிதானமா அடிச்சுப் பாத்தார். ஒரு ஆடுகூட திரும்பல.

"நாளைக்கு ஆண்டவர் நுழைஞ்சதும் நிறுத்தாம அடிங்க"ன்னேன்.

"நிறுத்தாமயா? சாமி, இந்தப் பக்கம் அப்டி அட்ச்சா..."

"உபதேசியாரே, நீங்க சாமியாரா, நான் சாமியாரா?"

பாவம், மணிக்கயித்தை மரத்துல சுத்தி வச்சிட்டுக் கிளம்பிட்டார்.

ஞாயித்துக்கிழமை ஆண்டவர் குல்லாவும் கோலுமா பீடத்துக்கு வந்தார். சூசை அடிச்சார் பாருங்க ஒரு அடி!

கொஞ்ச நேரத்துல வெளிய தடதடன்னு சத்தம். வந்தாங்கய்யா கூட்டம்! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அப்புறம்தான் பாத்தேன், ஆளாளுக்குக் கையில வாளி.

பக்கத்து ஃபாக்டரி ஆளுங்க. சுத்துவட்டாரம் முழுக்க எண்ணெய்க் கிடங்கும் குடிசையும்தான். அங்க மணியை நிறுத்தாம அடிச்சா தீப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். கைக்குழந்தைக்குக்கூட தெரிஞ்ச விஷயம், எனக்குத் தெரியல!

முதல் வாளி தண்ணி, ஆண்டவர் மேல. அடுத்த வாளி மணல். அதுவும் ஆண்டவர் மேலதான்!

"ஓலைய இழுங்கடா! பக்கத்து வூட்டுக்குத் தாவிடப் போவுது!"ன்னு மேஸ்திரி ஒருத்தர் கத்தினார். நான் "ஐயோ, வேணாம்"னு வாயைத் திறக்கிறதுக்குள்ள கொக்கி போட்டு மொத்தக் கூரையையும் இழுத்துத் தள்ளிட்டாங்க.

"நெருப்பு எங்க சாமி கீது?"ன்னு கேட்டார் மேஸ்திரி.

"நெருப்பு இல்லீங்க. பூசை."

"பூசையா! அதுக்கு இன்னாத்துக்கு இந்த அடி? ஷிப்ட்ட வுட்டுட்டு ஓடியாறோம், சரியான பேஜாரு புட்ச்ச ஆளா கீறியே!"

ஆண்டவர் தாடியில மணலைத் தட்டிக்கிட்டே மேஸ்திரியைப் பாத்தார். "இவங்கள்லாம் இந்தக் கோயில் ஆளுங்களா?"

செத்தேன்னு நெனைச்சேன்.

"இல்ல பெரிய சாமி, நாங்க அம்மன் கோயிலு. ஆனா எந்த சாமி வூடு எரிஞ்சாலும் ஓடியாருவோம்."

ஆண்டவர் என் பக்கம் திரும்பினார். "நான் கூப்பிட்டா பக்கத்து ரூம்ல இருக்கிற என் செக்ரட்டரியே இப்படி ஓடி வர்றதில்ல. இந்த ஊருக்குப் பங்கு குடுத்தாச்சு. நீதான் பங்குச் சாமியார்."

சந்தோஷம் தாங்கல! சேத்துலயே முழங்கால் போட்டு அவர் மோதிரத்தை முத்தி செஞ்சேன். வாயெல்லாம் மணல். துப்பிட்டு நிமிந்து பாத்தா, தலைக்கு மேல வெறும் வானம்.

பங்கு கெடைச்சிடுச்சு. கோயில்தான் போச்சு.