நாலு சுவர், நாலு கலர், ஒரு மாப்பிள்ளை முகம்

வீட்டுக்குள்ளேயே தொழில் தொடங்கினால், அங்கே சாப்பிட உட்காருகிற அத்தனை பேரும் நமக்கு முதலாளி ஆகிவிடுவார்கள். இது புரியாமல்தான் நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு முன்னறையை போட்டோ ஸ்டுடியோ ஆக்கப்போவதாக அறிவித்தேன். கேமரா வாங்கியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விளக்குகள் வந்து இறங்கியபோதும் சொல்லவில்லை. சுவர் விஷயத்தை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"வெளிர் சாம்பல் அடிக்கலாம்னு இருக்கேன்."

மாமியாரின் கரண்டி சட்னிக்கு மேலே அப்படியே நின்றது. "சாம்பலா? வாசல்ல நுழைஞ்சதுமே சாம்பலா? மங்களகரமா மஞ்சள் அடிம்மா."

"பச்சை அடி. கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார் என் கணவர் சேகர். (ஃபேன் ரிப்பேரானால் ஒழிய அந்த அறைக்குள் கால் வைக்காதவர்.)

மகள் நிலா இந்தத் தெலுங்கு ஊரிலேயே வளர்ந்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். "நாக்கு பர்ப்பிள் காவாலி!" என்று தட்டைத் தட்டினாள். அவளுக்குப் பர்ப்பிள் வேண்டுமாம்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலையில் மஞ்சள், மத்தியானம் போனில் பச்சை, பள்ளிக்கூடம் விட்டதும் பர்ப்பிள். கடைசியில் ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே, "ஆளுக்கு ஒரு சுவர் எடுத்துக்கோங்க, என்னை விடுங்க" என்றேன். அலுப்பில் சொன்னதுதான். ஆனால் சொன்ன அடுத்த நொடியே அது எனக்கு மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. நாலு சுவர், நாலு பின்னணி! வேறு எந்த ஸ்டுடியோவில் இருக்கிறது? (எங்கேயும் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்திருக்கலாம்.)

பெயிண்டர் அறைக்கு நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். "ஏக் ரூம்கு சார் கலர்? கைக்கு மேடம்?" ஓர் அறைக்கு நாலு கலர் எதற்கு என்று இந்த ஊர் உருதுவில் கேட்கிறார். வீட்டில் நாலு பேர் என்றேன். "ஹவ்", அதாவது 'ஆமாம்', என்று பெருமூச்சோடு டப்பாவைத் திறந்தார். அவர் வீட்டிலும் ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

ஒரு பக்கம் மஞ்சள், எதிர்ப்பக்கம் பச்சை, பின்னால் பர்ப்பிள். என் பங்குக்குக் கிடைத்தது வாசல் பக்கத்துச் சுவர். கதவும் ஜன்னலும் போக, அதில் ஒரு முழம் சாம்பல் மிஞ்சியது.

முதல் வாடிக்கையாளராக வந்தவர் ராமச்சந்திராபுரத்துச் சின்னத்தை, அதாவது மாமியாரின் தங்கை. மகன் முரளிக்குச் சென்னையில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பெண் வீட்டுக்கு அனுப்ப நல்ல போட்டோ வேண்டும். அதுவரை உறவுக்காரர்களிடையே என்னைப் பற்றிய பேச்சு, 'வேலையை விட்டுட்டு வீட்ல சும்மா இருக்கா' என்பதுதான். இந்த ஒரு படம் நன்றாக வந்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

முரளி பவுடர் போட்டு, கோட்டு மாட்டி, விறைப்பாக உட்கார்ந்தான். விளக்கைப் போட்டு எடுத்தேன். கேமராத் திரையைப் பார்த்தேன். ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் பச்சை. மூக்கு எந்தக் கட்சியிலும் சேராமல் நடுவில் நின்றது.

சின்ன அறை. வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது சுவரின் கலரையும் அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அப்பிவிட்டது. நான் பயிற்சி வகுப்பில் படித்த விஷயம்தான். (சாம்பல் கேட்டதே அதனால்தான். இட்லித் தட்டுகளுக்கு முன்னால் படிப்பு நிற்கவில்லை.)

"எல்லாத்தையும் என் போனுக்கு அனுப்பும்மா, நான் பார்க்கிறேன்" என்றார் சின்னத்தை. அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் திருத்த உட்கார்ந்தேன். பச்சையைக் குறைத்தால் காது ரோஸ் ஆனது. மஞ்சளைக் குறைத்தால் கழுத்து நீலமானது. வேறு வழியில்லாமல் கருப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினேன்.

"கருப்பு வெள்ளையா? எதுக்கு, மாலை போட்டு மாட்டவா?" என்றார் சின்னத்தை. "அதெல்லாம் வேணாம்மா. அவங்க அவசரப்படுத்தினாங்க. முதல் படத்தையே அனுப்பிட்டேன்."

அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து போன். சின்னத்தை பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார். பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நினைச்சுக்காதீங்க. தம்பி மஞ்சக்காமாலையில இருந்து இப்பதான் எழுந்திருக்காரா?"

சின்னத்தை என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் பச்சைச் சுவரைப் பார்த்தார். சேகர் மெதுவாக வெளியே போய்விட்டார்.

"நீங்களே நேர்ல பாருங்க!" என்று சின்னத்தை வீடியோ காலுக்கு மாறி, முரளியை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். நல்ல வெயில். ஈரத் துண்டால் அவன் முகத்தைத் தேய்த்துத் துண்டைக் கேமராவுக்குக் காட்டினார். "பாருங்க, கலர் ஒண்ணும் ஒட்டல!"

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க" என்றார் பெண்ணின் அம்மா. "இப்ப இந்தப் பக்கம்."

தாடையில் தண்ணீர் சொட்ட முரளி இரண்டு பக்கமும் திரும்பினான். அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. அன்று அந்த முகத்தில் வராமல் பாக்கி இருந்த கலர் அது ஒன்றுதான். "அண்ணி, என்ன அண்ணி இது?" என்று என்னைப் பார்த்து முனகினான். எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

அப்போது போனுக்குள் ஒரு பெண் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம். "அம்மா, போதும், விடுங்க அவரை. போனை இப்படிக் குடுங்க" என்றாள். கல்யாணப் பெண் கவிதாதான். அவளும் முரளியும் தனியாகப் பேச வேண்டும் என்று எங்களைக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

சென்னையில் கல்யாணம் நடந்தது. போட்டோ எடுக்க வேறு ஆளை வைத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் நாலு சுவருக்கும் வெளிர் சாம்பல் அடித்தேன்.

அந்தப் படத்தை அழித்துவிடச் சொல்லிக் கவிதாவிடம் எவ்வளவோ கெஞ்சிவிட்டேன். அவள் கேட்கவே இல்லை. ராமச்சந்திராபுரத்துக்குப் போன் செய்து முரளி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தால், "இன்னைக்குப் பச்சைப் பக்கம்க்கா" என்பாள். ஆள் நல்ல குஷியில் இருக்கிறான் என்று அர்த்தம். மஞ்சள் பக்கம் என்றால், அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் ராமச்சந்திராபுரம் போவதில்லை.