நாலு ஆண்டெனா

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளோடு பேசியே தீருவது என்று சபதம் எடுத்தேன். டவர் கம்பெனியில் இருபது வருஷ இன்ஜினியர் நான். ஊருக்கே சிக்னல் கொடுக்கிறவன் வீட்டில், சமையலறை ஜன்னலைத் தாண்டினால் போன் செத்துவிடும். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

மகள் வாராவாரம் கூப்பிடுவாள். ஜன்னலோரம் நின்று அம்மாவும் மகளும் அரை மணி நேரம் சிரிப்பார்கள். அப்புறம் போன் என் கைக்கு வரும். "ஹலோ" என்பேன். கட்.

"உங்க கைதாங்க காரணம். உலக்கை மாதிரி விரலை வச்சு ஆண்டெனாவை மறைச்சா, பாவம் அது என்னதான் பண்ணும்?" என்பாள் மனைவி.

கை மறைத்தால் சிக்னல் குறையும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். அதனால் நம்பினேன். ரெண்டு வருஷமாக நம்பினேன். 'இனி என் மூஞ்சியில முழிக்காதே' என்று கத்திவிட்டு, மகள் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேனே, அன்றிலிருந்து.

மொட்டை மாடியில் நாலு ஆண்டெனா நட்டேன்.

"எதுக்குங்க நாலு?"

"ஒரே சேதி நாலு வழியா வரும்மா. ஒண்ணு சுவத்துல முட்டிக்கிட்டாலும் மிச்சம் மூணு வந்து சேரும். எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்தா கணீர்னு கேக்கும்."

"வரணும்னு இருந்தா ஒரு வழியே போதும்ங்க" என்றாள். தொழில் தெரியாதவள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு வந்தது. ஹாலில், கட்டிலுக்கு அடியில், எங்கே வைத்தாலும் சிக்னல் மீட்டர் முழுசாகக் காட்டியது. மகள் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். என் விரல்கூடப் படவில்லை.

"அம்மாடி, அப்பா பேசறேன். நல்லா இருக்கியாடா?"

அவள் மூச்சு விடுவது கேட்டது. அவள் வீட்டு மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. அத்தனை துல்லியம். கட்.

மீட்டரைப் பார்த்தேன். முழுசு. கட் பண்ணியது சிக்னல் இல்லை, மகள். ரெண்டு வருஷமாக என் கைமேல் பழியைப் போட்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள் என் மனைவி.

"நாலும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது போலிருக்கு. ரெண்டே பேர், நாமளே போடலையா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை மீட்டர் படுத்துவிட்டது. மாடிக்கு ஓடினேன். நாலு ஒயரும் கழன்று கிடந்தன. மழை படாமல் ஒவ்வொரு முனைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, ரப்பர் பேண்டும் போட்டிருந்தது. காற்றுக்கு அவ்வளவு பொறுப்பு கிடையாது.

ஸ்பேனர் கையில்தான் இருந்தது. ஒன்றைக்கூட மாட்டாமல் கீழே இறங்கினேன்.

ஜன்னலோரம் போனோடு நின்றிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"சிக்னல் இல்லம்மா."

"அதைத்தானே ரெண்டு வருஷமா நானும் சொல்றேன்" என்றாள்.