முந்திரிக்கொட்டை சார் வாயை மூடிய நாள்

தூத்துக்குடி மாவட்டத்தில், பிறர் பேசும் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகக் கேட்காமலே ஐம்பது வயதைத் தொட்ட ஒரே மனிதர் எங்கள் முந்திரிக்கொட்டை சார்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதைச் சொல்ல வந்தவரையும் அவர் முடிக்கவிட்டிருக்க மாட்டார்.

டாக்டர் "எத்தனை நாளா..." என்று ஆரம்பிப்பதற்குள் மாத்திரையின் பெயரை இவரே சொல்லிவிடுவார். மாதா கோயிலில் சாமியார் ஜெபத்தை முடிக்குமுன் இவருடைய 'ஆமென்' விழுந்துவிடும். பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளையப் பிடிச்சிருக்காம்மா?" என்று பெண்ணைக் கேட்டார்களாம். "பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு" என்று பதில் சொன்னது மாப்பிள்ளை. இதை எனக்குச் சொன்னது அவர் மனைவியேதான். "இன்னைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லலை மேடம்" என்றார் அந்த அம்மாள்.

என் வேலை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் வந்திறங்கும் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. நாசரேத்தில் பஸ் ஏறி, பள்ளி பள்ளியாகப் போய், அதே பேச்சைப் பேசி, ஆறிப்போன டீயைக் குடித்து, இருபது முப்பது கொட்டாவிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். "சர்டிபிகேட் எப்ப மேடம் தருவிய?" என்பதைத் தவிர வேறு கேள்வி வந்ததில்லை. சீ என்று ஆகிவிட்டிருந்தது. அந்த அலுப்போடுதான் கீழவைப்பார் பக்கத்துக் கடற்கரைப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். அங்கே மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இவர்.

அவர் வகுப்பில் ரோஸி என்றொரு பிள்ளை. காது கேட்கும், எல்லாம் புரியும், பேச்சு மட்டும் வராது. கையும் மெதுவாகத்தான் நகரும். அவளுக்காக டேப் என்கிற கைக்கணினி ஒன்று வந்திருந்தது. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள். தொட்டால் அதற்குரிய சொல்லை டேப்பே உரக்கச் சொல்லும். கருவியில் ஒரு குறையும் இல்லை. ரோஸியின் விரல் படத்தில் படுவதற்குள் சார் பதில் சொல்லிவிடுவார், அதுதான் பிரச்சினை.

"ரோஸி, என்ன வேணும்? தண்ணியா? தண்ணிதான் கேக்கா மேடம். ஏளா, அவளுக்குத் தண்ணி குடு!"

ரோஸி விரலை மடக்கிக்கொள்வாள்.

"சார், கேட்டுட்டு நீங்க பேசாம இருக்கணும். பத்து எண்ணுற வரைக்கும்..."

"பத்துதானே? எண்ணிருவோம்! ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பள்ளிக்கூடமே அதிர எண்ணினார். ஏதோ வாய்ப்பாடு என்று நினைத்து வகுப்பும் கூடச் சேர்ந்து எண்ணியது.

"ஐயோ, மனசுக்குள்ள சார்!"

"எண்ணிட்டேன் மேடம்!"

அடுத்த மாதம் போனபோதும் இதே கூத்து. தலையில் அடித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அப்போதுதான் ரோஸியின் அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"நாளையிலருந்து பிள்ளைய அனுப்பலை சார். தூக்கிட்டு வாரதும் தூக்கிட்டுப் போறதுமா என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இங்கன வந்தும் சும்மாதானே இருக்கா? வீட்டுலேயே கிடக்கட்டும்."

"சும்மா இல்லம்மா, அவ நல்லாப் பேசுதா, நேத்துகூட..."

"அவ எங்க சார் பேசுதா? நீங்கல்லா பேசுதிய!"

சாரின் முகம் சுருங்கிப்போனது. பாவமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் படிப்பு தன் வாயால்தான் போகிறது என்று அவருக்கு உறைத்துவிட்டது.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போ தாயி" என்று கெஞ்சினார். டேப்பை ரோஸியின் முன்னால் வைத்தார். "ரோஸி, சார் உனக்கு ஒரு பாட்டுப் பாடட்டுமா?" என்று கேட்டார். கேட்ட வேகத்தில் கைக்குட்டையைச் சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டார்.

விரல் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. சாருக்குக் கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. பத்து எப்போதோ தாண்டியிருக்கும். எனக்கே ஏதாவது சொல்லித் தொலைத்துவிடலாமா என்று வந்தது. விரல் மறுபடியும் ஊர்ந்து ஒரு கட்டத்தில் விழுந்தது.

"வேண்டாம்" என்றது டேப்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வராந்தாவில் ஓடினார். "வேண்டாமாம்லா! என் பாட்டு வேண்டாமாம்லா!" என்று ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று கத்தினார்.

ரோஸியின் அம்மா சிரிக்கவில்லை. மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நாளைக்கும் உன்னைய இங்கன தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, பேசாமல் காத்திருந்தாள்.

ரோஸியின் விரல் அவசரமே இல்லாமல் போனது. "ஆமா."

தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "காலையில வாரோம் சார்" என்றாள் அம்மா.

அன்று மாலை பஸ்ஸில் சார் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து எனக்கே சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. நானும் அங்கேதானே இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கும் அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது.